ஒரு பை உப்பும் ஒரு சட்டித் தயிரும்

வறுத்துத் தின்கிற கச்சான் வேறு, எங்களை வறுக்கிற கச்சான் வேறு. முதலாவதைக் களுவாஞ்சிகுடிச் சந்தியில் கடதாசிச் சுருளில் போட்டுத் தருவார்கள். இரண்டாவது காசில்லாமல் வரும். வைகாசி கழிந்ததும் மேற்கே இருந்து கிளம்பிப் படுவான்கரைக்குள் இறங்கி, ஆவணி வரைக்கும் எங்கள் ஊர்ப் பழுகாமத்தில் குடியிருக்கிற காற்று அது. துவைத்துப் போட்ட சாரம் பத்து நிமிடத்தில் அப்பளமாகும். முற்றத்துச் செவ்வரத்தை தலையைத் தொங்கப் போடும். மத்தியானத்தில் வாவிக்கரைக்குப் போனால் கொக்குக்கூட நிழலில்தான் நிற்கும்.

அப்படி ஒரு மத்தியானம், எங்கள் மாமா திண்ணையில் பனையோலை விசிறியோடு பாடம் நடத்தினார். மாமா ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். ஓய்வு சம்பளத்துக்குத்தான், வாய்க்கு இல்லை.

"இது வெறுங்காத்தில்ல கண்டயா. கடலால வரக்குள்ள வயிறு முட்டத் தண்ணியோடதான் வருது. மேற்குப் பக்கத்து மலையில ஏறக்குள்ள எல்லாத்தையும் கொட்டிப்போட்டு, இஞ்சால இறங்கக்குள்ள வெறுஞ்சூடா வருது. கித்துல்கல, வட்டவளைப் பக்கமெல்லாம் இப்ப அந்த மழைதான்."

படுத்திருந்த மச்சான் எழும்பி உட்கார்ந்தான். "அப்ப எங்கட மழையத்தான் அவனுகள் புடிச்சு வச்சிருக்கானுகளா?"

"அப்படியும் சொல்லலாம்" என்றார் மாமா.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்."

கித்துல்கல பயணம் இப்படித்தான் தீர்மானமாயிற்று. திருடு போன பொருளைப் பார்க்கப் பொலிசுக்குப் போகிறவன் மாதிரி, மச்சான் அன்று பின்னேரமே வேன் பேசப் போய்விட்டான்.

கித்துல்கல சின்ன ஊர். அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறுகிற தெருவில், களனி கங்கைக்கும் மலைக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொழும்புக்காரர் காலையில் போய், ஆற்றில் குதித்து, பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அது ஒருநாள் பயணம். எங்களுக்கும் ஒருநாள் பயணம்தான் என்றான் மச்சான். பழுகாமத்திலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட வரும் என்பதை மாமா நினைவூட்டினார். "இரவு ஒம்பதுக்கு வெளிக்கிட்டா அடுத்த நாள் இரவு பன்னெண்டுக்குத் திரும்பிடுவம். ஒரு நாள்தானே?" என்றான். கணக்கில் பிழை பிடிக்க முடியவில்லை.

பதினான்கு பேர் இருக்கிற வேனில் நாங்கள் பத்தொன்பது பேர். எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைகளை ஆட்களாக எண்ணுவதில்லை, மடியாகத்தான் எண்ணுவது. ஆட்கள் ஏறி முடிந்த பிறகு சாமான் ஏறியது. சோற்றுப் பானை, கோழிக்கறிச் சட்டி, இறால் பொரியல், மாசிச் சம்பல், ஒரு குலை வாழைப்பழம், கூனி வறுத்துப் போட்ட போத்தல், இரண்டு பாய். எங்களூர்த் திரௌபதையம்மன் கோயில் சடங்கில் வருடாவருடம் பாண்டவர் வனவாசம் போவார்கள். அவர்கள்கூட இவ்வளவு மூட்டையோடு போனதை நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பெரியம்மா வந்தா. ஒரு கையில் எருமைத் தயிர்ச் சட்டி. மறு கையில் ஒரு பை.

"என்ன பெரியம்மா பைக்குள்ள?"

"உப்பு, மனே."

"கறியெல்லாம் காச்சித்தானே கொண்டுபோறம். உப்பு என்னத்துக்கு?"

"போற இடத்தில உப்புக் கிடைக்காட்டி என்னகா செய்யிற?"

முந்நூறு கிலோமீற்றரில் எத்தனை கடை இருக்கிறது என்று விளக்கப் போன மச்சானைப் பெரியம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தயிர்ச் சட்டிக்கு மட்டும் காரணம் சொன்னா. கித்துல்கல என்ற பெயரே கித்துள் மரத்தாலும் கல்லாலும் வந்தது, அங்கே அசல் கித்துள் பாணி கிடைக்கும், பாணி இருக்கிற இடத்துக்குத் தயிர் இல்லாமல் போகிறவன் மடையன். மூன்றும் நியாயமாகத்தான் பட்டன. படுவான்கரைத் தயிரைத் தின்று வளர்ந்தவன் வேறு தயிரைத் தயிர் என்று சொல்ல மாட்டான். சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாமல் இருந்தால்தான் அது தயிர்.

மாவேற்குடாப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கும்போது மணி பத்தரை. ஒன்பது மணிக்கு வெளிக்கிடுவது என்றால் எங்களூரில் அர்த்தம் அதுதான்.

செங்கலடியால் திரும்பி மகாஓயாத் தெருவில் போகும்போது, நடுச்சாமத்தில் வேன் நின்றது. லைற் வெளிச்சத்தில் தனி யானை ஒன்று தெருவோரம் நின்றது. வேனுக்குள் ஒரே ஆரவாரம். பிள்ளைகளை எழுப்பிக் காட்டினார்கள், போனைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் படம் எடுத்தார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். இந்த யானையின் சொந்தக்காரர் யாரோ போன மாரியில் எங்கள் வயலுக்குள் வந்தபோது, இதே ஆட்கள்தான் தகரம் தட்டி, வெடி கொளுத்தி, விடிய விடிய முழித்திருந்து திட்டித் தீர்த்தார்கள். யானை ஒன்றுதான். வேன் வாடகை கொடுத்துவிட்டால் பார்க்கிற கண் மாறிவிடுகிறது.

மகியங்கனையைத் தாண்டினால் பதினெட்டு வளைவு. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. முதல் வளைவில் பாட்டு நின்றது. ஐந்தாவது வளைவில் தேசிக்காய் கைமாறத் தொடங்கியது. ஒன்பதாவதில் மச்சானின் மூத்தவள் சத்தியெடுத்தாள், பத்தாவதில் மச்சான். பெரியம்மா மட்டும் தயிர்ச் சட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து, வேன் இடப்பக்கம் சாய்ந்தால் தான் வலப்பக்கம் சாய்ந்து, ஒரு துளி தளும்பவிடாமல் மலையேறினா. கண்டி, பேராதனை, நாவலப்பிட்டி எல்லாம் நித்திரையில் போயின. கினிகத்தேனையிலிருந்து கீழே இறங்கும்போது கண் விழித்தேன். வெளியே வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது மழை.

மச்சான் கண்ணாடியைத் திறந்து கையை வெளியே நீட்டினான். "எங்கட சாமான்தான்" என்றான்.

ஆற்றங்கரையில் இறங்கியதும் மாமா எங்களை முதலில் பாலம் பார்க்கக் கூட்டிப்போனார். கித்துல்கல உலகத்துக்குத் தெரிய வந்ததே ஒரு பாலத்தால்தான். "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" என்ற படத்தை டேவிட் லீன் இங்கே வந்துதான் எடுத்தார். மரத்தாலே 400 அடிக்கு மேல் நீளமான பாலம் கட்டினார்கள், யானைகளையும் வேலைக்குப் பிடித்தார்கள், மாதக்கணக்கில் வேலை நடந்தது. 1957 மார்ச்சில், அதன் மேல் உண்மையான ரயில் ஒன்றை ஓடவிட்டு, உண்மையாகவே வெடி வைத்துத் தகர்த்தார்கள். பார்க்கப் பிரதமர் பண்டாரநாயக்காவும் வந்திருந்தாராம். படத்துக்கு 7 ஒஸ்கார்.

இதில் மாமாவுக்குப் பிடித்த இடம் வேறு. முதல் தடவை வெடி வெடிக்கவில்லை. ஆபத்தில்லாத இடத்துக்கு வந்துவிட்டேன் என்று ஒவ்வொரு கமராக்காரரும் ஒரு பொத்தானை அமத்த வேண்டும். ஒருவர் அமத்த மறந்துவிட்டார். ஆள் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாரோ என்று பயந்து வெடியை நிற்பாட்டிவிட்டார்கள். ஆனால் ரயிலில் ஆளில்லை, அதை யார் நிற்பாட்டுவது? அது பாலத்தைக் கடந்து போய், அந்தப் பக்கம் நின்ற ஜெனரேற்றரில் மோதியது. திரும்ப இழுத்து வந்து, அடுத்த முறை ஒழுங்காக உடைத்தார்கள். "எங்கட பிள்ளையள் பரீட்சைக்குப் பேனை மறந்து போனா அடிக்கிறம்" என்று முடித்தார் மாமா.

கதை கேட்டுக்கொண்டே ஈரப் பாதையில் வழுக்கி வழுக்கி இறங்கினோம். கீழே ஆறு. கரையில் பாசி பிடித்த இரண்டு மூன்று சீமெந்துக் கட்டைகள்.

"பாலம் எங்க?" என்றா பெரியம்மா.

"உடைச்சிட்டானுகள் பெரியம்மா."

"எப்ப?"

"ஐம்பத்தேழில."

பெரியம்மா எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தா. "இல்லாத பாலத்தைப் பாக்கவா பதினெட்டு வளைவில என்னக் கொண்டந்தீங்க? எங்கட பட்டிருப்புப் பாலம் இருக்குதே, அத ஒரு நாளாவது ஒரு மனிசன் வேன் புடிச்சு வந்து பாத்தானா?"

பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. தாய்லாந்துக்காரர் இதைவிட ஒரு படி மேலே போனவர்கள் என்று மாமாதான் பேச்சை மாற்றினார். உண்மையான பாலம் அங்கே காஞ்சனபுரியில் இருக்கிறது, இரும்பும் கொங்கிறீற்றும். ஆனால் கதை எழுதிய பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் ஆற்றின் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார். பாலம் நின்றது மே குளோங் ஆற்றில். படம் பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்காரர் எல்லோரும் குவாய் எங்கே, குவாய் எங்கே என்று கேட்க, 1960 அளவில் தாய்லாந்துக்காரர் அந்த ஆற்றுப் பகுதியின் பெயரையே குவே யாய் என்று மாற்றிவிட்டார்கள். வருகிறவனைத் திருத்துவதைவிட ஆற்றைத் திருத்துவது சுகம்.

பிறகு மாமா விசிறி இல்லாத குரலில் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பாலத்தின் மேலால் போன சயாம் ரயில் பாதை 415 கிலோமீற்றர், 1942, 43இல் யப்பானியர் போட்டது. படத்தில் வருவது வெள்ளைக் கைதிகள் மட்டும். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர் அங்கே செத்தார்கள். மலாயாவின் றப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன தமிழர் அதில் ஆயிரக்கணக்கில். "7 ஒஸ்காரில ஒண்டும் அவங்களுக்கில்ல" என்றார். கொஞ்ச நேரம் ஆற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு பிள்ளைகளுக்குப் பசித்தது.

அடுத்தது றாப்ரிங். காற்றடித்த றப்பர்ப் படகில் ஆற்றோடு இறங்குவது. மேலே லக்சபானப் பக்கம் வரிசையாக மின் நிலையங்கள் இருக்கின்றன. மின்சாரம் எடுத்துவிட்ட தண்ணீர்தான் கீழே வருவது. ஆகவே இங்கே ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்பது மழையின் கையில் பாதி, மின்சார சபையின் கையில் பாதி. எங்களுக்கு இது புதிசில்லை. எங்கள் வயல்களில் வட்டவிதானை திறந்தால்தான் வாய்க்காலில் தண்ணீர். இங்கே வட்டவிதானைக்குக் கொஞ்சம் பெரிய கந்தோர்.

படகுக்காரப் பொடியன் தலைக்கவசமும் மிதவை அங்கியும் தந்து, சவள் பிடிக்கத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டான். நான் சிரித்தேன். தெரியுமாவா! வாவிக்கரையில் பிறந்தவன், பள்ளிக்கூடம் போக முன்னமே தோணி வலித்தவன். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான வாவி எங்களுடையது. இரவில் மீன் பாடுகிற வாவி. இந்த ஆறு எம்மட்டு?

நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. எங்கள் வாவி ஓடுவதில்லை. பழுகாமத்துக் கரையில் தோணியிலிருந்து விழுந்தால், எழும்பி நின்று சாரத்தைப் பிழிந்துகொண்டு நடந்து வரலாம். இந்த ஆறு அப்படிப்பட்ட மனுசன் இல்லை. அதன் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று பட்டர் கிரஷர், இன்னொன்று ஹெட் சொப்பர். தலைவெட்டி என்று தமிழில் ஒரு பலகை போட்டிருந்தால் எங்களூரில் பாதிப்பேர் வேனை விட்டே இறங்கியிருக்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் இருந்தபடியால் மரியாதையான ஏதோ ஒன்று என்று நினைத்து ஏறினோம்.

"வலிங்க" என்று பொடியன் கத்தினான். மச்சானும் நானும் வலித்தோம். மச்சான் முன்னுக்கு, நான் பின்னுக்கு, அதாவது அவன் கொழும்புக்கும் நான் பழுகாமத்துக்கும். படகு இரண்டுக்கும் நடுவில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது பச்சைத் தண்ணீர், அதற்குள் ஒரு பெரிய மௌனம், பிறகு என் மிதவை அங்கியைக் கழுத்துப் பக்கமாகப் பிடித்துத் தூக்கிய கை. பூனை குட்டியைத் தூக்குவது மாதிரி. மற்றப் படகில் இருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கை தட்டினார்கள். கரையில் பெரியம்மா சொன்னது தண்ணீர் அடைத்த காதிலும் கேட்டது: "வாவி மனுசரத் தூக்கி வச்சிருக்கும் மனே. ஆறு கூட்டிக்கொண்டு போகும்."

தலை துவட்டி முடிய, மாமா குகைக்குப் போக வேண்டும் என்றார். பெலிலென. ஊரிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே, பாதி தூரம் காட்டுப் பாதை. கற்கால மனிதர் வாழ்ந்த இடம். பெண்கள் சிலர் வேனிலேயே இருந்துவிட்டார்கள். பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கினா.

ஈரக் காட்டில் நூறு யார் நடந்திருக்கமாட்டோம், மச்சான் "காலில ஏதோ கடிக்குது" என்றான். குனிந்து பார்த்தோம். நூல் மாதிரி ஒன்று, வால் நுனியில் எழும்பி நின்று, முகர்ந்து பார்ப்பது போலத் தலையைச் சுழற்றிக்கொண்டு சப்பாத்தில் ஏறியது. ஏற்கெனவே ஏறியவை முழங்கால் மடிப்பில் உருண்டு திரண்டு கிடந்தன. அட்டை. மச்சான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பறவைகள் எழும்பின. யானைக்கு வெடி கொளுத்துகிற மனுசன், ஒரு அங்குலப் பிராணிக்கு நின்ற இடத்திலேயே பரதம் ஆடினான். மாமாவின் வெள்ளைக் காற்சட்டையில் இரத்தம் வட்டம் வட்டமாக ஊறியது. இதே அட்டைக்குள் தினம் தினம் நின்று கொழுந்து பறிக்கிற தோட்டத்துப் பெண்கள் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு பேசாமல் வேலை செய்வார்கள். நாங்கள் ஆறு ஆண்கள், ஒருவருக்கொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி விளையாடினோம்.

பெரியம்மா பையை அவிழ்த்தா. ஒரு கிள்ளு உப்பை எடுத்து மச்சானின் முழங்கால் மடிப்பில் வைத்தா. அட்டை சுருண்டது, நுரை தள்ளியது, தொப்பென்று விழுந்தது. அடுத்த கால். அடுத்த கிள்ளு. வரிசையில் நின்று காலைக் காட்டினோம், கோயிலில் திருநீறு வாங்குவது மாதிரி.

"காச்சின கறிக்கு உப்பு என்னத்துக்கு எண்டாய்" என்றா, மச்சானின் இரண்டாவது காலுக்கு வரும்போது. அவ்வளவுதான் சொன்னா.

குகை வாசலில் உட்கார்ந்து மாமா மூச்சு வாங்கினார். அப்போதுதான் அவர் சொன்ன சேதி என்னை நிமிர வைத்தது. இந்தக் குகையை ஆராய்ந்த தொல்லியலாளர் சிரான் தெரணியகல, இங்கே வாழ்ந்த ஆட்கள் 27,000 ஆண்டுகளுக்கும் முன்பே கடற்கரையிலிருந்து உப்புக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் கண்டிருக்கிறாராம். வேன் இல்லை, தெரு இல்லை. யாரோ கடலோரத்திலிருந்து காட்டுக்குள்ளால் இவ்வளவு தூரம் உப்பைச் சுமந்திருக்கிறார்கள். அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூட வந்த பொடியன்கள் "உப்பு என்னத்துக்கு?" என்று கேட்டிருப்பார்கள் என்பதும் தெரிந்துவிட்டது.

திரும்பும் வழியில் பாணிப் படலம். தெருவோரத்தில் போத்தல்களை அடுக்கி வைத்திருந்த ஒரு தட்டியில் மச்சான் விலை பேசினான். பெரியம்மா ஒரு துளியைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தா. "சீனி" என்று சொல்லிவிட்டு நடந்தா. அடுத்த தட்டியிலும் சீனிதான். கித்துள் பூந்தண்டைச் சீவி, வடிகிற இனிப்பு நீரை அடுப்பில் வைத்து வற்றக் காய்ச்சி எடுக்கிற பாணிக்கு ஒரு புகை வாசம் இருக்கும், நுனி நாக்கில் சின்னக் கைப்பு இருக்கும். சீனிப் பாணிக்கு இனிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது.

மேட்டில் ஒரு சின்ன வீடு. வாசலில் ஒரு கிழவி. பெரியம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, கிழவிக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் கால் மணி நேரம் கதைத்தார்கள். முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள் எத்தனை, மழை என்று விரலாலும் முகத்தாலும் எல்லாம் நடந்தது. கிழவி உள்ளே போய், வாழைச் சருகால் அடைத்த பழைய சாராயப் போத்தலில் பாணி கொண்டு வந்தா. பெரியம்மா புறங்கையில் விட்டுப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. காசை எடுத்த மச்சானின் கையைத் தட்டிவிட்டு, வேனிலிருந்து கூனிப் போத்தலை எடுத்துவரச் சொன்னா. கிழவி மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தா. பிறகு உள்ளே போய், ஓலையில் பொதிந்த கருப்பட்டி ஒன்றும் கொண்டு வந்து பெரியம்மாவின் மடியில் வைத்தா. நாங்கள் திரும்பி நடக்கும்போது கிழவி மீதி உப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டா. அவவுக்கும் அட்டை இருக்கும்தானே.

ஆற்றங்கரையில் பாய் விரித்தோம். மழை விட்டிருந்தது. சட்டியைத் திறந்தால், பதினெட்டு வளைவும் தாண்டி வந்த தயிர், ஏடு கிழியாமல் கிடந்தது. பெரியம்மா அகப்பையால் வெட்டிப் போட்டு, மேலே பாணி ஊற்றினா. கறுப்புப் பாணி வெள்ளைத் தயிரின் வெட்டுகளுக்குள் மெதுவாக இறங்கியது. பத்தொன்பது பேரில் ஒருவரும் பேசவில்லை. பத்து நிமிடத்தில் சட்டியின் அடி தெரிந்தது. முந்நூறு கிலோமீற்றர் வந்து பழுகாமத்துத் தயிரைத் தின்றுவிட்டுத் திரும்புகிறோமே என்று எனக்குத் தோன்றியது, ஆனால் வாயில் இருந்ததை விழுங்கும் வரைக்கும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் திரும்புவோம் என்றவன் மச்சான். பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது விடிந்துகொண்டிருந்தது. வெறும் சட்டி பெரியம்மாவின் மடியில். அதைக் கழுவிப் பட்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த தயிர். வேன் கண்ணாடிக்குள்ளால் சூடான காற்று முகத்தில் அடித்தது. கச்சான். வழியில் எல்லாவற்றையும் அங்கேயே இறக்கிவிட்டு, எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது.

கித்துல்கல போக நினைக்கிறவர்களுக்கு: சோறு அங்கே கிடைக்கும், குடை கிடைக்கும், படகு கிடைக்கும். உப்பை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போங்கள். அயடீன் கலந்ததா கலவாததா என்று பார்க்க வேண்டாம், அட்டைக்கு இரண்டும் ஒன்றுதான்.